பூஜ்யத்துக்கு ஒரு பூஜை

ராக்கி மார்சியானோ தொழில்முறைக் குத்துச்சண்டை மேடையில் 49 தடவை ஏறினார். 49 தடவையும் ஜயித்தே இறங்கினார். ஃபிளாய்ட் மேவெதர் 50 தடவை ஏறி, 50 தடவையும் அவ்விதமே இறங்கினார். இவ்விரண்டு வாக்கியங்களில் ஒன்றைச் சொல்லிவிட்டால் விவகாரம் தீர்ந்துவிட்டதென்று கருதி, மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுகிறவர்கள் அநேகர். ஒரு சகாப்தத்தின் தலைசிறந்த வீரன் யார் என்ற கேள்விக்கு, தோல்வி என்ற பத்தியில் எவன் பெயருக்கு நேரே பூஜ்யம் இருக்கிறதோ அவனே என்பது அவர்களுடைய விடை. நம் மொழியில் ஒன்றுமில்லாததற்கும் பூஜ்யம் என்று பெயர். கைகூப்பி வணங்கத் தக்கதற்கும் பூஜ்யம் என்று பெயர். இந்தச் சொல்லின் இரட்டைப் பொருளை இவ்வளவு சிரத்தையோடு அநுஷ்டானத்துக்குக் கொண்டுவந்தவர்கள் குத்துச்சண்டை ரசிகர்களைப் போல் வேறெவரும் இலர்.

இந்த அபிப்பிராயம் முழு மூடத்தனம் என்று நான் சொல்லவரவில்லை. தொழிலாகச் சண்டையிட்டு ஒருநாளும் தோற்காமல் ஓய்வுபெறுவது எளிய காரியமென்று நினைப்பவன் ஒருமுறையாவது முகத்தில் குத்து வாங்கிப் பார்க்கவேண்டும். ஆனால் ஓட்டப் பந்தயத்தில் கடிகாரம் சாட்சி. பாரம் தூக்குவதில் இரும்பு சாட்சி. குத்துச்சண்டையிலோ எதிரில் நிற்கும் மனிதனைத் தவிர வேறு அளவுகோல் கிடையாது. அந்த மனிதன் யார், அன்று அவனுக்கு என்ன வயது, அவன் கால்களில் இன்னும் எத்தனை ரவுண்டு பாக்கி இருந்தது என்பதையெல்லாம் விட்டுவிட்டு, ஜயித்தவன் பெயருக்கு நேரே ஒரு கோட்டைப் போட்டுக் கூட்டிக்கொண்டு போவது மளிகைக் கடைக் கணக்காகலாம். வீரத்தின் மதிப்பீடு ஆகாது.

மார்சியானோவின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பெரிய வெற்றிகள் ஜோ லூயி, ஜெர்ஸி ஜோ வால்காட், எஸ்ஸர்ட் சார்ல்ஸ், ஆர்ச்சி மூர் ஆகிய நால்வர்மீது பெற்றவை. நால்வரும் மகா வீரர்கள் என்பதில் சந்தேகமில்லை; எப்போது மகா வீரர்கள் என்பதே கேள்வி. 1937 முதல் 1949 வரை ஹெவிவெயிட் பட்டத்தைக் கையில் வைத்திருந்து 25 தடவை அதைக் காப்பாற்றிய லூயி, 1951 அக்டோபரில் நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் மார்சியானோவின் எதிரே வந்து நின்றபோது அவருக்கு வயது 37. ஓய்வை முறித்துக்கொண்டு அவர் மேடைக்குத் திரும்பியதற்குக் காரணம் வருமான வரிக் காரியாலயத்துக்கு அவர் பட்டிருந்த பெருங்கடன். எட்டாவது ரவுண்டில் கயிறுகளுக்கிடையே மல்லாந்து மேடை விளிம்பில் விழுந்துகிடந்த அந்த மனிதரை, 1938 இல் ஷ்மெலிங்கை 124 விநாடிகளில் வீழ்த்திய அதே லூயி என்று எழுதிக்கொள்வது, இடிந்து கிடந்த மதிலைத் தாண்டிவிட்டுக் கோட்டையைப் பிடித்தேன் என்று பறையறைவதற்கு ஒப்பாகும். வால்காட்டுக்கு 1952 இல் வயது 38. மூருக்கு 1955 இல் அவருடைய சொந்தக் கணக்குப்படி 38, அவரைப் பெற்ற தாயின் கணக்குப்படி 41. இவ்விஷயத்தில் நான் தாயின் கட்சி. நால்வரில் இளையவரான சார்ல்ஸ் முப்பதைத் தாண்டி அதிக காலம் ஆகாதவரே எனினும், நூறு சண்டைகளை நெருங்கிவிட்ட உடம்பு அவருடையது.

இதைச் சொல்வதால், கிழவர்களை அடித்துப் பெயர் வாங்கினார் என்று மார்சியானோவை இகழும் கோஷ்டியில் நான் சேர்ந்துவிட்டதாக எண்ணவேண்டாம். தம் காலத்தில் வந்தவர்களை அவர் ஒதுக்கவில்லை, இருந்தவர்களோடு சண்டையிட்டார். என் வழக்கு அவர்மீதன்று, அவருடைய பூஜ்யத்தின்மீது. ஏனெனில் அந்தப் பூஜ்யம் அவருடைய உண்மையான மேன்மையையே மூடி மறைத்துவிடுகிறது.

1952 செப்டம்பர் 23 ஆம் தேதி இரவு ஃபிலடெல்ஃபியாவில் நடந்ததைப் பாருங்கள். முதல் ரவுண்டிலேயே வால்காட்டின் இடக்கைக் குத்து ஒன்று வளைந்து வந்து தாடையில் விழ, தொழிலுக்கு வந்தபின் முதன்முறையாக மார்சியானோ தரையைத் தொட்டார். அதன்பின் பன்னிரண்டாவது ரவுண்டு முடியும்வரை அந்த முப்பத்தெட்டு வயது மனிதர், முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நடைபோட்டு, தோளை ஒரு பக்கம் காட்டிக் கையை வேறு பக்கம் விட்டு, இளையவரைப் பெரும்பாலும் தம் இஷ்டப்படி அலைக்கழித்தார். தீர்ப்பளிக்க அமர்ந்த மூவரின் தாள்களிலும் வால்காட்டே முன்னணியில் இருந்தார். பதின்மூன்றாவது ரவுண்டு தொடங்கி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இருவரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வலக்கையை வீச எத்தனிக்க, மார்சியானோவின் கை மிகச் சிறிய தூரமே பிரயாணம் செய்து முதலில் போய்ச் சேர்ந்தது. வால்காட்டின் இடக்கை கயிற்றில் மாட்டிக்கொள்ள, முழங்கால் மடிந்து, தலை கவிழ்ந்து, கும்பிட்டு விழுகிறவரைப் போல் அவர் மெல்ல மெல்லக் கீழே இறங்கியதைப் படத்தில் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். தோற்றுக்கொண்டிருக்கும் ஒருவன், தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்று நன்றாக அறிந்த நிலையில், கையைத் தளரவிடாமல் பதின்மூன்றாவது ரவுண்டுக்கு முக்காலியை விட்டு எழுந்து வந்தானே, அந்த எழுச்சியில் இருக்கிறது மார்சியானோவின் பெருமை. 1954 செப்டம்பரில் சார்ல்ஸோடு நடந்த சண்டையில் மூக்கு பிளந்து, ரத்தம் நிற்காமல், மருத்துவர் எந்தக் கணமும் நிறுத்தச் சொல்லிவிடுவாரோ என்றிருந்தபோது எட்டாவது ரவுண்டில் எதிரியை வீழ்த்தினாரே, அதில் இருக்கிறது. கணக்குப் பத்தியிலோ இவ்விரண்டு இரவுகளும், ராட் ஐலண்டில் யாரோ பெயர் தெரியாத ஒருவரை அவர் தம் ஆரம்ப நாட்களில் முதல் ரவுண்டிலேயே கவிழ்த்த இரவும், ஒன்றுக்கொன்று சமமான ஒற்றைக் கோடுகள்.

அந்தப் பூஜ்யந்தான் யார் கையில் இருக்கிறது? 1950 மார்ச்சில் ரோலண்ட் லஸ்டார்ஸாவோடு மார்சியானோ பொருதியபோது பத்து ரவுண்டும் முடிந்த பிறகு தீர்ப்பாளர்கள் ஒத்துப்போகவில்லை. ஒருவர் இவருக்கும் ஒருவர் அவருக்கும் எழுதிவைக்க, மூன்றாமவர் ரவுண்டுகளைச் சரிபாதியாகப் பிரித்து, உபரிப் புள்ளிகளில் மார்சியானோவின் பக்கம் சாய்ந்தார். அந்த ஒருவரின் பென்சில் சற்று வேறுவிதமாக நகர்ந்திருந்தால் நாற்பத்தொன்பதுக்குப் பூஜ்யம் என்ற மந்திரமே பிறந்திராது; ஆனால் மார்சியானோவின் வலக்கையின் கனம் ஓர் அவுன்ஸ்கூடக் குறைந்திராது. 48 வெற்றிகளோடு வந்து 1985 இல் மைக்கேல் ஸ்பிங்க்ஸிடம் பட்டத்தை இழந்த லாரி ஹோம்ஸுக்கு, இரண்டு தீர்ப்பாளர்களின் தாள்களில் குறைந்தது ஒரே ஒரு புள்ளி. அதைவிடக் கொடுமை 1993 செப்டம்பரில் சான் ஆன்டோனியோவில் நடந்தது: 87 வெற்றிகளும் பூஜ்யமுமாக வந்த ஹூலியோ ஸேஸர் சாவெஸை பெர்னெல் விட்டேகர் என்ற இடக்கைக்காரர் பன்னிரண்டு ரவுண்டும் காற்றைக் குத்தவைத்து விளையாடினார், பார்த்தவர்களில் பெரும்பாலோர் விட்டேகரே ஜயித்தாரென்று எழுதினர், தீர்ப்போ சமநிலை என்று வந்தது. பூஜ்யம் பத்திரமாகப் பிழைத்துக்கொண்டது. நான்கே மாதத்தில் ஃபிராங்கி ராண்டல் அதைத் துடைத்தார் என்பது வேறு கதை. மேவெதரின் ஐம்பதாவது வெற்றியைப் பற்றி ஒரு வரி போதும்: 2017 இல் அவர் எதிரே நின்ற கானர் மக்ரிகர் அதற்குமுன் தொழில்முறைக் குத்துச்சண்டை ஒன்றிலேனும் கலந்துகொண்டவரல்லர்.

பழைய காலத்துக்குப் போனால் கணக்குப் புத்தகமே பொய்த்துப்போகிறது. 1911 முதல் 1917 வரை நியூயார்க்கில் அமலில் இருந்த சட்டப்படி, எதிரியை வீழ்த்தினாலன்றி யாருக்கும் வெற்றி கிடையாது. புள்ளி எண்ணித் தீர்ப்புச் சொல்வது குற்றம். பென்ஸில்வேனியா போன்ற வேறு சில இடங்களிலும் இதே வழக்கம். மேடையருகில் அமர்ந்த பத்திரிகைக்காரர் மறுநாள் காலையில் யார் ஜயித்ததாக அச்சிட்டாரோ, அதுவே ஊருக்குத் தீர்ப்பு. பந்தயம் கட்டியவர்கள் அதைப் பார்த்தே பணம் கொடுத்து வாங்கினார்கள். பிட்ஸ்பர்க்கில் பிறந்த ஹாரி கிரெப் முந்நூறை நெருங்கும் தடவை சண்டையிட்டவர். அவற்றில் பாதிக்குமேல் இப்படித் தீர்ப்பில்லாதவை. அவருடைய வெற்றி தோல்விகளைக் கூட்டிக் கழித்துப் பார்க்கப் புறப்படுகிறவன் ஆற்று மணலை எண்ணப் புறப்பட்டவனே. ஆனால் கிரெப்பை அறிய எண்ணிக்கை எதற்கு? 1921 இல் ஒரு சண்டையில் ஒரு கண்ணுக்குக் கேடு வந்து, அந்தப் பார்வை போய்க்கொண்டிருந்ததை வெளியில் சொல்லாமல் மறைத்துக்கொண்டு, மிடில்வெயிட் உடம்போடு, 1922 மே மாதத்தில் தம்மைவிடக் கனத்தவரான ஜீன் டன்னியின் மூக்கை உடைத்துப் பதினைந்து ரவுண்டும் ரத்தம் சிந்தவைத்து வென்றார். பின்னாளில் ஹெவிவெயிட் வீரர் ஜாக் டெம்ப்ஸியை இரண்டு தடவை தோற்கடித்த அந்த டன்னியைத் தம் வாழ்நாளில் வேறு யாரும் வென்றதில்லை. டன்னியின் தோல்விப் பத்தியில் இருக்கும் அந்த ஒற்றைக் கோடு டன்னிக்கு அவமானமா? படுக்கையைவிட்டு எழுந்ததும் மறுபடியும் கிரெப்போடு சண்டை வேண்டும் என்று கேட்டு வாங்கி, மேலும் நான்கு தடவை அவரோடு மேடையேறினார் அவர். ஹெவிவெயிட் பட்டத்தை வெல்லும் டன்னி அந்தத் தோல்வியில்தான் உருவானார் என்பது என் துணிபு. கிரெப்போ 1926 இல் முப்பத்திரண்டாம் வயதில் ஓர் அறுவைச் சிகிச்சைக்குப் பின் மாண்டார். அவர் சண்டையிடும் திரைப்படம் ஓர் அடிகூட இன்று கிடையாது. ஆகவே அவரைப் புகழ்கிறவர்களும் இகழ்கிறவர்களும் பிறர் கண்ணால் பார்த்தவர்களே.

பூஜ்ய உபாசகர்களுக்கு இன்னொரு துணைக் கோட்பாடும் உண்டு: பட்டம் பெறாதவன் தலைசிறந்தவன் ஆகமாட்டான் என்பது. இதற்கு என் மறுமொழி ஒரே பெயர், சாம் லாங்ஃபோர்டு.

கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் வேமவுத் ஃபால்ஸ் என்ற சிற்றூரில் பிறந்து, சிறுவனாக வீட்டைவிட்டு ஓடி, பாஸ்டன் வந்துசேர்ந்த இந்தக் குள்ளமான கறுப்பர், ஐந்தடி ஏழங்குலத்துக்கு மேல் வளராதவர். லைட்வெயிட்டில் தொடங்கி ஹெவிவெயிட் வரையில் எந்த எடையிலும் எவன் வந்தாலும் சரி என்று நின்றவர். 1903 டிசம்பரில், இன்னும் மீசைகூடச் சரியாக அரும்பாத நிலையில், லைட்வெயிட் சாம்பியனான ஜோ கான்ஸைப் பட்டமில்லாத போட்டியில் பதினைந்து ரவுண்டில் வென்றார். கான்ஸ் முந்தின நாள்தான் வேறு ஊரில் சண்டையிட்டுவிட்டு வந்திருந்தார் என்பதையும் நான் சொல்லியாகவேண்டும். மார்சியானோவிடம் கேட்ட கணக்கை லாங்ஃபோர்டிடம் கேட்காமல் விடுவது நியாயமன்று. 1904 இல் பார்படோஸ்காரரான பழைய ஜோ வால்காட்டோடு சமநிலை. அவர் அப்போது வெல்டர்வெயிட்டில் பெயர் நடுங்கவைக்கும் சாம்பியன். 1906 இல் தம்மைவிட ஏறக்குறைய 30 பவுண்டு கனத்த ஜாக் ஜான்ஸனோடு பதினைந்து ரவுண்டு நின்று தோற்றார். ஜான்ஸன் 1908 இல் உலக ஹெவிவெயிட் பட்டத்தைப் பெற்றார். அதன்பின் ஆறாண்டுகளுக்குமேல் பட்டம் அவரிடம் இருந்தது. லாங்ஃபோர்டுக்கு ஒரு போட்டிகூட அவர் கொடுக்கவில்லை. இரண்டு கறுப்பர்கள் மோதினால் டிக்கெட் விற்காது என்பது வெளியில் சொல்லப்பட்ட சமாதானம். 1906 இல் விலாவில் வாங்கிய குத்துகளின் ஞாபகமும் காரணமாயிருக்கலாம் என்று நினைப்பதை யாரும் தடுக்கமுடியாது.

1915 இல் ஜான்ஸன் ஹவானாவில் பட்டத்தை இழந்ததும் கதவு முழுவதுமே சாத்தப்பட்டது. அன்று தொடங்கி 1937 இல் ஜோ லூயி வரும்வரை, 22 ஆண்டுகள், ஹெவிவெயிட் பட்டத்துக்குப் போட்டியிடக்கூட எந்தக் கறுப்பருக்கும் இடம் அளிக்கப்படவில்லை. சாம்பியனாயிருந்த டெம்ப்ஸியோடு மோதக் காத்துக் காத்தே ஹாரி வில்ஸின் நல்ல வயது கழிந்தது. பட்டத்தின் வாசல் மூடியிருந்ததால் லாங்ஃபோர்டும் வில்ஸும் ஜோ ஜெனட்டும் சாம் மக்வீயும், ஒரே ஊர் நாடகக் கம்பெனியின் நடிகர்களைப் போல், ஒருவரோடொருவர் திரும்பத் திரும்பச் சண்டையிட்டுப் பிழைத்தார்கள். வில்ஸோடு மட்டும் லாங்ஃபோர்டு பதினைந்து தடவைக்குமேல் மோதியிருக்கிறார். இவர்களுடைய தோல்விப் பத்திகள் நீண்டு கிடப்பதற்குக் காரணம், தங்களுக்குச் சமமானவர்களைத் தவிர வேறு யாரையும் இவர்களுக்குத் தராமல் உலகம் அடைத்துவைத்ததுதான். அந்தப் பத்தியைக் காட்டி இவர்களைத் தாழ்த்துகிறவர், வாசலில் நின்றவனை உள்ளே விடாமல் கதவைச் சாத்திவிட்டு, விருந்துக்கு வரவில்லையே என்று குறை சொல்கிறவர். அந்த ஒரே வாசலைத் தாண்டியவரான ஜான்ஸனும் உள்ளிருந்து தாழிட்டுக்கொண்டார் என்பது இக்கதையின் கசப்பான பகுதி.

கண் பார்வை ஏறக்குறைய முழுவதும் போன பிறகும் லாங்ஃபோர்டு எதிரியை நெருங்கித் தொட்டுணர்ந்து சண்டையிட்டார். பின்பு உலகம் அவரை மறந்தது. 1944 இல் அல் லேனி என்ற நியூயார்க் பத்திரிகை எழுத்தாளர் ஹார்லமில் அவரைத் தேடிச் சென்று, அவர் இறந்துவிட்டாரென்று பலர் சொன்னதையும் பொருட்படுத்தாமல் விசாரித்து, வாடகை விடுதியொன்றின் இருண்ட அறையில், குருடராக, வறியவராக, தனியே உட்கார்ந்திருந்த மனிதரைக் கண்டுபிடித்தார். அதன் விளைவாகத் திரட்டப்பட்ட நிதியே அவருக்குக் கடைசிக்காலத்தில் சோறு போட்டது. சார்லி பர்லி இன்னொருவர்: ஆர்ச்சி மூரையே வென்றவர், பட்டத்துக்கு ஒரு வாய்ப்பும் பெறாமல், பிட்ஸ்பர்க்கில் குப்பை அள்ளும் வேலைக்குப் போனவர்.

பூஜ்யமும் வேண்டாம், பட்டமும் வேண்டாமென்றால் எதைக் கொண்டு அளப்பது, தோற்றவனெல்லாம் பெரியவனா என்று வாசகர் கேட்கலாம். அல்ல. எவனைத் தேடிப் போனான், அவன் பழுத்திருந்த நாளில் போனானா உதிர்ந்த நாளில் போனானா, எவ்வளவு எடையை விட்டுக்கொடுத்துப் போனான், தோற்றால் மறுநாள் என்ன செய்தான் என்று கேட்கவேண்டும். இக்கேள்விகளைக் கேட்டால் சென்ற நூற்றாண்டின் மத்தியில் ஒரு மனிதரே மிஞ்சுகிறார். அவர் தோல்விப் பத்தியில் இருப்பது பத்தொன்பது.

சுகர் ரே ராபின்ஸன் வெல்டர்வெயிட்டுக்குரிய உடம்போடு 1943 பிப்ரவரி 5 ஆம் தேதி டெட்ராய்ட்டில் ஜேக் லமோட்டாவிடம் முதன்முறையாகத் தோற்றார். லமோட்டா அன்று அவரைவிட வெகுவாகக் கனத்தவர். ராபின்ஸன் இரண்டு வாரத்தில் நியூயார்க்கில் வேறொருவரை வென்றார். மூன்றாவது வாரம் அதே டெட்ராய்ட்டுக்குத் திரும்பி லமோட்டாவை வென்றார். இக்காலத்தில் ஒரு தோல்வி கண்டவன் ஆறு மாதம் ஓய்வெடுத்துப் பயிற்சியாளரை மாற்றிப் பேட்டி கொடுக்கிறான். 1951 ஜூலையில் லண்டனில் ராண்டால்ஃப் டர்ப்பினிடம் மிடில்வெயிட் பட்டத்தை இழந்த ராபின்ஸன், 64 நாள் கழித்து நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸில், கண்ணின்மேல் கிழிந்த புண்ணிலிருந்து ரத்தம் வழிய, இன்னும் சிறிது நேரத்தில் சண்டையை நிறுத்திவிடுவார்கள் என்று தெரிந்து, பத்தாவது ரவுண்டில் டர்ப்பினை அடித்து நொறுக்கிப் பட்டத்தை மீட்டார். மிடில்வெயிட் பட்டத்தை அவர் ஐந்து தடவை வென்றார் என்று எல்லாரும் வியக்கிறார்கள். ஐந்து தடவை வெல்வதற்கு நடுவில் நான்கு தடவை அது கையைவிட்டுப் போயிருக்கவேண்டும் என்பதை மட்டும் யோசிப்பதில்லை.

அந்தப் பத்தொன்பதில் ஒன்றையாவது அருகில் போய்ப் பாருங்கள். 1952 ஜூன் 25, யாங்கி ஸ்டேடியம். லைட் ஹெவிவெயிட் சாம்பியனான ஜோயி மாக்ஸிமோடு, பதினைந்து பவுண்டுக்கு மேல் எடை குறைந்த ராபின்ஸன். மேடையருகில் வெப்பம் 104 பாரன்ஹீட். அந்த வேக்காட்டில், குத்து வாங்காத மத்தியஸ்தரே பத்து ரவுண்டுக்குமேல் நிற்கமுடியாமல் இறங்கிப்போக, வேறொருவரை ஏற்றினார்கள். ராபின்ஸன் மூவரின் தாள்களிலும் தெளிவாக முன்னிலையில் இருந்தார். பதின்மூன்றாவது ரவுண்டில் ஓங்கி வீசிய கை காற்றில் போக, அந்த வேகத்திலேயே தாமும் தரையில் விழுந்தார். மணியடித்ததும் அவரை மூலைக்கு இழுத்துச் சென்றார்கள். பதினான்காவது ரவுண்டுக்கு அவரால் எழ முடியவில்லை. பத்தியில்: தோல்வி ஒன்று. அவருடைய மொத்தத் தோல்விகளில் பாதிக்குமேல் நாற்பது வயது கடந்த பின், பணத்துக்காக நாற்பத்து நான்கு வரை மேடையேறிக்கொண்டிருந்த நாட்களில் வந்தவை. நாற்பதில் அவர் வீட்டில் இருந்திருந்தால் பத்தி சுருங்கியிருக்கும். 1943 இலும் 1951 இலும் அவர் செய்தது ஓர் அணுவளவும் வளர்ந்திராது, குறைந்திராது.

எண்களிடம் தீர்ப்பை ஒப்படைத்தால் என்ன நேரும் என்பதை ஒரு வேடிக்கையே காட்டியது. 1969 இல் முகமது அலியையும் மார்சியானோவையும் மயாமியில் ஓர் அரங்குக்குள் கொண்டுவந்து, நாற்பத்தைந்து வயதான மார்சியானோவின் வழுக்கைக்கு ஒரு பொய்முடியை ஒட்டி, பல ரவுண்டுகள் பாவனையாகச் சண்டையிடச் செய்து படம்பிடித்தார்கள்; இருவருடைய பழைய கணக்குகளையும் கம்ப்யூட்டரில் போட்டு, அது சொல்லும் முடிவின்படி படத்தை வெட்டி ஒட்டுவதாக விளம்பரம். 1970 ஜனவரியில் அமெரிக்கக் கொட்டகைகளில் பதின்மூன்றாவது ரவுண்டில் மார்சியானோ ஜயித்தார். ஐரோப்பாவில் காட்டிய படத்தில் அலி ஜயித்தார். யந்திரத்துக்கும் டிக்கெட் விற்கும் ஊர் எதுவென்று தெரிந்திருக்கிறது. மார்சியானோ அதைப் பார்க்கவில்லை. படப்பிடிப்பு முடிந்து சில வாரங்களில், 1969 ஆகஸ்டு 31 அன்று, அயோவாவில் விமானம் விழுந்து இறந்துபோனார்.

ஆகவே என் தீர்ப்பு இது: நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு ராபின்ஸன், முதற்பகுதிக்கு லாங்ஃபோர்டு, அவரையடுத்து ஒரு விரற்கடையில் கிரெப். மார்சியானோவுக்கு இவர்களுக்குக் கீழே ஒரு கௌரவமான ஆசனம் உண்டு. அதை அவருக்கு வாங்கித் தந்தது ஃபிலடெல்ஃபியாவின் பதின்மூன்றாவது ரவுண்டு. மாஸசூஸட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜில் 1956 ஜனவரியில் சாம் லாங்ஃபோர்டு காலமானார். அதே மாநிலத்தில் பிராக்டனில் பிறந்த ராக்கி மார்சியானோ, அவ்வாண்டு ஏப்ரலில், தோல்வியறியாதவராக ஓய்வுபெற்றார்.